சண்முகம் கொடுத்த அனுமதி

கார்த்திகை, சோமவாரம்.

விடியலில் அன்றைய பதிகம் கோயில் ஒலிபெருக்கியில் தானே ஒலிக்கும்படி, லினக்ஸ் கணினியில் ஒரு மாதம் உழைத்து ஷெல் நிரல் எழுதினேன். இன்று மாலை இயக்கியபோது, அனுமதி இல்லை என்று கணினி மறுத்துவிட்டது. என்னோடு திருப்பணிக் குழுவில் இருக்கும் சண்முகத்துக்குப் பதிகமும் தெரியாது, பண்ணும் தெரியாது. “ஓட அனுமதியே குடுக்காம ஓடு ஓடுன்னா எப்படிய்யா ஓடும்? இம்புட்டுத்தான்” என்று சிரித்தபடி நிரலுக்கு ஓட அனுமதி தரும் chmod கட்டளையை ஒரே வரியில் தட்டினார். பாட்டு எழுந்தது. குருக்கள் அவருக்கு மாலை அணிவித்தார். சன்னிதியில் நின்றபோதும் என் கண் அந்த மாலையை விட்டு அகலவில்லை.

அவர் பிரசாதம் வாங்கப் போனதும் அந்த அனுமதியை நீக்கினேன். பிறகு அதே கட்டளையை என் விரலால் தட்டி, நானே மீண்டும் கொடுத்தேன். நாளை ஒலிக்கப்போவது நான் அனுமதித்த பாட்டு. ஈசன் இதை அறிவான். சண்முகம் அறிய வேண்டியதில்லை.