ஒஸ்ரினுக்குள் இருந்த எங்கள் கொயில்

கொட்டாஞ்சேனை,
ஞாயிறு பின்னேரம்.

அன்புள்ள மகள் றஷ்மிக்கு,

மாதாவின் காவலில் நான் சுகம், முழங்கால் மட்டும் படியைக் கண்டால் முணுமுணுக்கிறது. நீயும் மருமகன் ஜொனாதனும் அந்தக் குளிரில் சளி, இருமல் இல்லாமல் இருக்க மன்றாடுகிறேன். நேற்று நீ போனில் கேட்டபோது நான் பேச்சை மாற்றிவிட்டேன், கோபிக்காதே, பக்கத்து வீட்டுக்காரர் முன் விறாந்தையில் இருந்தார்கள். உன் சித்தப்பா வலன்ரைன் உனக்குப் போன் எடுத்து, அண்ணி என்னை ஊருக்கு முன்னால் தலை குனிய வைத்துவிட்டா என்று அழுதானாம். அழட்டும். நடந்ததை முதலில் இருந்து எழுதுகிறேன், வாசித்துவிட்டு யார் பக்கம் நிற்பது என்று நீயே முடிவு செய்.

அப்பா ஆண்டவரிடம் போன பிறகு அவருடைய மொறிஸ் மைனர் காரை நான்தான் ஓட்டுகிறேன், உனக்குத் தெரியும். தை மாதம் சேர்விஸ் பண்ண என்று வலன்ரைன் அதைத் தெமட்டகொடையில் உள்ள தன் கராஜுக்குக் கொண்டு போனான். அவனிடம் கல்யாணத்துக்கு விடுகிற பழைய கார் நாலு நிற்கிறது, அதில் அந்த வெள்ளை ஒஸ்ரின்தான் அவனுக்கு உயிர். மொறிஸ் திரும்பி வந்த நாளிலிருந்து ஒரு புது வருத்தம். காலையில் ஒரே திருப்பில் ஸ்ரார்ட் ஆகும், இருபது நிமிடம் ஓடினால் இருமி இருமி நின்றுவிடும், அரை மணித்தியாலம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காதது போல மறுபடி ஓடும். வலன்ரைன் வந்து பொனற்றுக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு, "எஞ்சின் முடிஞ்சுது அண்ணி. இனி இதோட மல்லுக்கட்டாதேங்கோ, என்னட்டத் தந்திடுங்கோ" என்றான். வாரத்துக்கு இரண்டு தரம் அதே கதை. நானும் அவன் சொன்னதை நம்பினேன்.

என் ஞானமகள் நிருஷாவின் கல்யாணத்துக்கு மொறிஸில்தான் பெண் வரவேண்டும் என்று அவள் சின்ன வயதிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தவள். பயந்து பயந்துதான் ஓட்டினேன். பேலியகொடையிலிருந்து பாலம் தாண்டி வரும்போதே நெரிசல், ஆமர் வீதிச் சந்தியில் சரியாக நடு றோட்டில் கார் நின்றது. தூறல் மழை, பின்னால் பஸ்காரர்களின் ஹோன். முன்பின் தெரியாத நாலு சிங்களப் பெடியன்கள் "தள்ளுவம் அம்மே" என்று பஸ்ஸிலிருந்து இறங்கித் தள்ளினார்கள். கடைசியில் பெண்ணைத் திரீவீலில் ஏற்றி அனுப்பினேன் றஷ்மி, முக்காட்டைக் கையில் சுருட்டிக்கொண்டு, சட்டையின் கரையெல்லாம் சாக்கடைக் கான் தண்ணீரில் கறுத்துப்போய் அவள் தேவாலய வாசலில் இறங்கினாள். மாப்பிள்ளையின் தாயை வலன்ரைன் தன் ஒஸ்ரினில் ராசாத்தி மாதிரிக் கொண்டுவந்து இறக்கியிருந்தான். அந்த மனுசி எல்லாருக்கும் கேட்க, "தொடக்கமே இப்பிடியெண்டா முடிவு என்னவாகுமோ" என்றா. அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு தட்டு உடைந்தாலும் மாமி வாயால் நிருஷாவுக்கு அந்தத் திரீவீல் கதைதான்.

அன்றைக்குத்தான் எனக்கு வைராக்கியம் வந்தது. முப்பத்தொரு வருடம் தொலைபேசித் திணைக்களத்தில் லைனில் பழுது எங்கே என்று தேடியதுதானே என் உத்தியோகம், ஒரு காருக்கு ஏன் நான் பயப்பட வேண்டும்? மறுநாள் வேண்டுமென்றே அதை நிற்கும் வரை ஓட்டினேன். பெற்றோல் சரியாக வருகிறது. பொறிக்கு மின்சாரம் கொடுக்கிற கொயிலின் நடு வயரைக் கழற்றி எஞ்சின் இரும்புக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, பக்கத்து வீட்டு மனுசியை ஸ்ரார்ட் பண்ணச் சொன்னேன். நீலமாகப் பாய வேண்டிய பொறி மஞ்சளாக, சாகிறவனின் மூச்சு மாதிரி வந்தது. கொயிலில் கை வைக்க முடியவில்லை, அடுப்புச் சட்டி போலக் கொதித்தது. டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்தால் உள்ளே தொட்டு விலகுகிற பொயின்ற் இரண்டும் கருகியிருந்தன. ஆறிய பிறகு என் பழைய மீற்றரை வைத்து மின்தடையை அளந்தேன், மூன்று ஓம் காட்ட வேண்டிய கொயில் ஒன்றரை காட்டியது. அது வேறு வகைக் காருக்கு உரியது, மின்சாரத்தைக் குறைத்துக் கொடுக்க அதற்கு முன்னால் ஒரு தடை இருக்க வேண்டும். எங்கள் காரில் அப்படி ஒன்று இல்லை. அப்பா போட்ட கொயிலில் அவருடைய பெயரின் முதல் எழுத்தும் திகதியும் ஆணியால் கீறியிருக்கும், இதில் ஒரு கீறலும் இல்லை.

அந்தக் கொயிலையே திரும்பப் பூட்டினேன். காரைத் தருவது பற்றிப் பேசலாம் என்று சொல்லித் தெமட்டகொடைக்குப் போனேன். அவன் சந்தோசத்தில் சோடா வாங்கக் கடைக்கு ஓடினான், நான் ஒஸ்ரினின் பொனற்றைத் தூக்கினேன். அப்பாவின் எழுத்து என்னைப் பார்த்தது. ஒஸ்ரினின் கொயில் பழுதாக, தவறான ஒன்றை வாங்கி, அதை எங்கள் தலையில் கட்டிவிட்டு நல்லதை எடுத்திருக்கிறான். எங்கள் கார் படுத்தால் அதையும் வளைத்துப் போடலாம் என்ற கணக்கு. நிருஷா மழையில் நின்ற நேரம் அவனுடைய ஒஸ்ரின் ஓடியது அப்பாவின் கொயிலில்! சோடாவைக் குடித்தேன், சிரித்தேன், "பழைய கார் ஊர்வலத்தில ஒருக்கா ஓட்டிப்போட்டுத் தாறன் வலன்ரைன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஊர்வலம் காலிமுகத்திடலில் தொடக்கம். பொயின்ற்றைத் தேய்த்துத் துப்புரவாக்கி, விடிந்த கையோடு பதினைந்து நிமிடத்தில் போய்ச் சேர்ந்தேன், அது சாவதற்கு ஐந்து நிமிடம் மீதி. ஒஸ்ரின்தான் முதல் கார், பிரதம விருந்தினரான ஓய்வு பெற்ற நீதிபதி அதில்தான் ஏறுவார். வலன்ரைன் மாலையும் கையுமாக மேடையடியில் நின்றான். வெயில் ஏறிய நேரம் நான் ஸ்பனரை எடுத்தேன். ஒரு காருக்கு இரண்டு திருகாணி, மூன்று வயர், அவ்வளவுதான் மகள். ஊர்வல ஏற்பாட்டுக்காரரில் கோட் போட்ட ஒரு பெரியவர் வந்து, "வலன்ரைன்ர ஆக்களோ?" என்று கேட்டார். "ஓம், அண்ணி" என்றேன். வெயில் சுடுகிறது என்று அவர் எனக்குக் குடை பிடித்தார். அவனுடையதை அவனுக்கும் எங்களுடையதை எங்களுக்கும் மாற்றிப் பூட்டிவிட்டுக் கையைத் துடைத்தேன்.

வெள்ளவத்தைச் சந்தைக்கு முன்னால் ஒஸ்ரின் இருமியது, பிறகு நின்றது. பின்னால் வந்த கார் எல்லாம் வரிசையாக நின்றன, சந்தைச் சனம் முழுக்கப் போனைத் தூக்கிப் பிடித்தது. நீதிபதி வியர்வையைத் துடைக்கிறார். வலன்ரைன் பொனற்றைத் திறந்தான், கொயிலைத் தொட்டுக் கையை உதறினான், பிறகு அதையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் மொறிஸைப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். "அண்ணி, நீங்களோ?" என்றான். "என்ர மனுசன்ர கொயில் என்ர காரில இருக்கு, உன்ர கொயில் உன்ர காரில இருக்கு. வேற என்ன குறை?" என்று கேட்டேன். சத்தமாகத்தான் கேட்டேன். நீதிபதியை என் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு, முதல் காராகத் தெஹிவளை வரை போனேன். அவர் வழி முழுக்கக் கொயில் பற்றி விசாரித்தார், நானும் ஒன்றும் ஒளிக்கவில்லை.

அடுத்த கிழமை வலன்ரைன் கேக் பெட்டியோடு வந்தான். கேற்றைத் திறக்கவில்லை. நிருஷாவின் மாமி வீட்டுக்குப் போய், அந்த மனுசிக்கு முன்னால் நின்று நடந்ததைத் தன் வாயால் சொல்லிவிட்டு வா, அதுவரை இந்தப் படலை உனக்கில்லை என்றேன். அதற்குப் பிறகுதான் உனக்குப் போன் எடுத்து அழுதிருக்கிறான். ஆனால் இன்று காலை போயிருக்கிறான். நிருஷா சொன்னாள், உட்காரச் சொல்லியும் உட்காராமல், நின்றபடியே எல்லாம் சொன்னானாம். மாமி எல்லாம் கேட்டுவிட்டு எழும்பி, குசினிக்குள் வந்து நிருஷாவின் கையிலிருந்த கத்தியை வாங்கி, "நீ போய் இரு பிள்ளை, மீனை நான் வெட்டுறன்" என்றாவாம். இதைச் சொல்லும்போது நிருஷா அழுதாள். நானும்தான்.

அவனை மன்னித்தேனா என்று கேட்காதே. பாவசங்கீர்த்தனத்தில் பங்குச் சுவாமியிடம் எல்லாம் சொன்னேன். செய்ததற்கு மனஸ்தாபப்படுகிறீர்களா என்று கேட்டார். இன்னும் இல்லை சுவாமி என்றேன். அப்படியென்றால் மனஸ்தாபம் வந்த பிறகு வாருங்கள் என்றார். இன்னும் போகவில்லை.

உன்னையும் மருமகனையும் எல்லாத் தீமையிலிருந்தும் ஆண்டவர் காக்கட்டும், கையில் தொட்டதெல்லாம் துலங்கட்டும். சித்தப்பா மறுபடி எடுத்தால் மரியாதையாகக் கதை, ஆனால் எனக்காக மன்னிப்புக் கேட்டுவிடாதே. இரும்புச்சத்துக் குளிசையை மறக்காமல் போடு.

முத்தங்களுடன்,
உன் அம்மா
மாக்ரெட்