எதிரே வருகிறவருக்கு ஒரு விரல்

அன்புள்ள அம்மாவுக்கு,

முட்டிவலி குறைந்ததா? நான் சுகம். ரயில் வருவது நின்று ஜனங்கள் கிளம்பிப்போனதிலிருந்து இந்த நெப்ராஸ்கா மாவட்டத்தில் ஆட்களைவிட மாடுகள்தான் அதிகம். அதனால் எதிரே வண்டி வந்தால், ஸ்டீயரிங்கிலிருந்து ஆள்காட்டி விரலைத் தூக்கி வணக்கம் சொல்லாமல் யாரும் கடப்பதில்லை. செவ்வாயன்று எனக்கு லேசான காய்ச்சல். எதிரே வந்த பண்ணைக்கார வெர்னாவுக்கு விரல் தூக்க மறந்துவிட்டேன். சாயங்காலமே சூப்போடு வந்து நின்றாள்.

"உனக்கு முன்னாடி இருந்த நர்ஸும் ஊரைவிட்டுக் கிளம்புறப்ப இப்படித்தான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டா. நீயும் போறியாடி?"

"இல்லம்மா, காய்ச்சல்."

"அப்பாடா!" என்று உட்கார்ந்துவிட்டாள்.

கடிதத்தை வாங்கிப்போக வந்த தபால்காரர் ஹாரன் அடிக்கிறார். என் கம்பளிக் கையுறையை அனுப்புங்கள். நேற்று வழியில் ஒரு வண்டிகூட வரவில்லை. காற்றாலைக்கு விரல் தூக்கிவிட்டு வந்தேன்.

உங்கள் ரோவீனா