மாமா கொண்டுவந்த சிலிண்டர்

என் சின்னத் தங்கத்துக்கு,

பேரையூரிலிருந்து அம்மா எழுதுவது. எனக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, இருமல்தான் போகவில்லை. அது போகாமல் மதுரை ஆஸ்பத்திரியில் உன் கண்ணாடிப் பெட்டிப் பக்கம் என்னை விட மாட்டார்கள். நீ எப்படி மூச்சு விடுகிறாய் என்று உன்னைக் கேட்க முடியாததால் அப்பாவைக் கேட்டுக் கேட்டுப் படுத்துகிறேன். பாலோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன், உன் பக்கத்தில் நின்று மெதுவாக வாசிப்பார்.

நேற்று உன் திரையில் ரத்தத்து ஆக்ஸிஜன் அளவு தொண்ணூற்றொன்று என்று அவர் சொன்னதும் ஆடிப்போய்விட்டேன். நூறு ஆகிறவரை ஆக்ஸிஜனைக் கூட்டச் சொல்லுங்கள் என்று போனில் கத்தினேன். கேட்டுக்கொண்டிருந்த உன் மாமா சிவபாண்டி அப்போதே வெளியே போனான். காலையில் பார்த்தால் எங்கேயோ வாங்கிய ஆக்ஸிஜன் சிலிண்டரைப் பைக்கில் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறானாம். தாய்மாமன் சீர்னு வச்சுக்கங்க சிஸ்டர், பிள்ளைக்கு எம்புட்டு வேணுமோ அம்புட்டும் குடுங்க என்றானாம். நர்ஸ் ஐரின் சிரிக்கவில்லையாம். அண்ணே, கொறஞ்சாலும் மணி அடிக்கும், கூடுனாலும் மணி அடிக்கும், இந்தப் பிள்ளைக்கு நூறு காட்டுனாத்தான் எனக்குப் பயம் என்றாளாம்.

பிறகு டாக்டர் எனக்குப் போனில் விளக்கினார். மிஞ்சிய ஆக்ஸிஜன் உள்ளே போய் மூர்க்கமான துணுக்குகளாக மாறி, நுரையீரல் செல்களின் மெல்லிய சவ்வையே அரிக்குமாம். அவற்றை அடக்கும் நொதிகள் கர்ப்பத்தின் கடைசி வாரங்களில்தான் பெருகுமாம், நீ அதற்கு முன்னாலேயே வந்துவிட்டாய். நுரையீரல் வீங்கி, காற்றுப்பைகள் பிரிந்து வளர்வது நின்றுபோகுமாம். கல்லூரியில் வேதியியல் படித்தவள் நான், ஆக்ஸிஜன் பட்டு இரும்பு துருப்பிடிப்பதைப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். உன் விஷயத்தில் அது தோன்றவே இல்லை.

இன்றைக்கு இன்னும் கொஞ்சம் குறைத்துப் பார்க்கப்போகிறார்களாம். குறைத்தால் திணறுவாயோ, திணறினால் கூட்டுவார்களோ, கூட்டினால் உள்ளே புண்ணாகுமோ என்று படுக்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. அந்தச் சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்துட்டுத் தொட்டில் வாங்குடா என்றேன். பிள்ளை வீட்டுக்கு வரட்டும்க்கா, ரெண்டையும் செய்றேன் என்கிறான்.

நிதானமாக மூச்சு விடு, அவசரம் ஒன்றுமில்லை. எல்லோரும் விடுகிற காற்றே உனக்கும் போதும் என்று ஆகட்டும், தீர்க்காயுசாக இரு. அப்பா திரையைப் பார்க்காமல் உன் முகத்தைப் பார்த்து இதை வாசிக்க வேண்டும். வாசித்து முடித்ததும் திரையில் எவ்வளவு என்று எனக்குப் போன் செய்யட்டும்.

உன் அம்மா,
முத்துமீனா