மாராயியின் அண்ணன்

முவைலா, ஷார்ஜா
வெள்ளிக்கிழமை

அன்புத் தம்பி உமாபதிக்கு,

அக்கா கனகா எழுதுவது. நானும் உன் மாமாவும் இங்கே நலம். நீயும் ஜலஜாவும் மஹதியும் நலமாக இருக்க நம் பூவாடைக்காரி துணை நிற்கட்டும்.

இந்தக் கடிதத்தைக் கொண்டு வந்திருக்கும் பெண்ணின் பெயர் அகிலா. முதலில் அவளை உட்கார வைத்துத் தண்ணீர் கொடு. அவளுக்கு ஐந்து மாதம். குழந்தை பிறக்கும்வரை, பிறந்த பிறகும் அவள் சொந்தக் காலில் நிற்கும்வரை, உன் வீட்டில் வைத்துக்கொள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். ஆனால் இப்போது இருக்கும் எரிச்சலில் உன்னைத் திட்டாமல் எதையும் கேட்க முடியாது. அதனால் திட்டை முதலில் வாங்கிக்கொள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஒரு கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுவாய். அதில் கூப்பிட்டுப் பேச இந்த நாட்டில் தடை. காகிதத்தில் எழுதினால்தான் உனக்கு உறைக்கும்.

மஹதியின் கல்யாணப் பத்திரிகை மாதிரியை அனுப்பியிருந்தாய். பிள்ளையார் படம் சரி. முகூர்த்த நேரம் சரி. அதற்குக் கீழே என்ன எழுதி வைத்திருக்கிறாய்? ‘ஸ்காட்லாந்து தேசத்து ஏற்காடு காப்பித் தோட்ட அதிபர் ஆர்ச்சிபால்ட் துரை அவர்களின் வம்சத்தில் உதித்த செல்வி மஹதி.’ உதித்தாளாம். சேலத்தில் ஜலஜா பத்து மணி நேரம் வலியில் கிடந்து பெற்ற பிள்ளையடா அது. படித்தவன் செய்கிற வேலையா இது?

போன வருஷம் ஆபீஸ் வேலையாக லண்டன் போனவன், அங்கே டி.என்.ஏ. சோதனைக்கு ஒரு குழாயில் எச்சில் துப்பிக் கொடுத்தாய். அது ஸ்காட்லாந்தில் ரிட்டயரான ஒரு வாத்தியாரின் எச்சிலோடு பொருந்தியது. நம் வீட்டில் தலைமுறைக்கு ஒருவருக்குப் பூனைக்கண் வருவதற்குக் காரணம் தெரிந்தது, சந்தோஷம். வேரைத் தேடுகிறவன் தேடட்டும், அதை நான் குறை சொல்லவில்லை. அந்த வாத்தியார் பாவம், நல்ல மனிதராகத்தான் தெரிகிறார். ஆனால் நீ அன்றிலிருந்து மீசையைத் தடவிக்கொண்டு, குடும்ப குரூப்பில் நாள் தவறாமல் துரை புராணம் பாடுகிறாயே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

பத்திரிகையைப் பார்த்துவிட்டு உன் மகளே என்னைக் கேட்டாள். அத்தை, துரை பெயர் இருக்கிறதே, அவருடைய ஒய்ஃப் பெயர் எங்கே என்றாள். பதினாறு வயதில் காப்பிப் பழம் பறிக்க மலைக்குப் போன மாராயியை ஒய்ஃப் என்று எந்த வாயால் சொல்வது? ஒய்ஃப் பிறகு கப்பலில் வந்தாள். அவள் வந்து இறங்கியதும் மாராயியைக் கைக்குழந்தையோடு மலையிலிருந்து இறக்கிவிட்டார்கள். அந்தக் குழந்தைதான் நம் கொள்ளுத்தாத்தா. மஹதிக்கு இவ்வளவும் எழுதினேன்.

துரை மோதிரம் போட்டார், நிலம் எழுதி வைத்தார், அழுதுகொண்டே கப்பல் ஏறினார் என்று நீ எழுதுவதெல்லாம் நம் சித்தப்பாக்கள் குடித்துவிட்டு உளறுகிற கதை. பெண்கள் சொல்கிற கதையை நீ கேட்டதில்லை. எனக்கு அம்மா சொன்னாள், அம்மாவுக்கு அவள் மாமியார் சொன்னாளாம். மாராயி மலையிறங்கி நேராகத் தன் அண்ணன் வீட்டுக்குத்தான் வந்தாள். அண்ணன் குழந்தையை வாங்கிக்கொண்டான். ஆண் பிள்ளை, சிவப்பு வேறு. வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினான். இரவெல்லாம் அவள் வாசலில் கிடந்தாள். விடிந்தபோது கிணற்றில் கிடந்தாள்.

கல்யாணத்துக்கு முன்னால் அந்தக் கிணற்றுக்கு மேளத்தோடு போய், அவளைக் குடத்தில் அழைத்து வந்து, பூவாடைக்காரி என்று புதுச்சேலை வைத்துக் கும்பிடுகிறோமே, அன்று இரவு நம் வீட்டு வாசற்கதவைச் சாத்தக் கூடாது என்பது எதற்கு? காற்று வருவதற்கு என்று நினைத்தாயா? துரை அவளைத் துரத்தினான், அந்தப் பாவம் அவனோடு. கதவைச் சாத்தியது நம் ஆள். அவன் சோறு போட்டு வளர்த்த வம்சம்தான் நாம். தைரியம் இருந்தால் அதை அச்சடித்துப் பார்.

வெள்ளைத் தோலுக்குச் சலாம் போடுவதை இங்கே தினமும் பார்த்து எனக்குச் சலித்துவிட்டது. பாஸ்போர்ட்டைப் பார்த்துத்தான் சம்பளம். உன் மாமாவிடம் வேலை கற்றுக்கொண்ட வெள்ளைக்காரன் இன்று மாமாவுக்கே மேனேஜர். மாமா பல்லைக் கடித்துக்கொண்டு டியூட்டிக்குப் போய் வருகிறார். ஆனால் ஒன்று சொல்கிறேன், துரைத்தனம் பண்ண வெள்ளைத் தோல் வேண்டும் என்றில்லை. அகிலா வீட்டு வேலை செய்த வில்லாக்காரன் நன்றாகத் தமிழ் பேசுகிறவன், வீட்டில் வாராவாரம் பஜனை வைக்கிறவன். அவன் பெண்டாட்டிக்கு விஷயம் தெரிந்த அன்றே விசா கேன்சல், கையில் டிக்கெட், இந்த ஊர்ப் பேச்சில் கலாஸ், கதை முடிந்தது. வயிற்றில் இருப்பது யாருடையது என்று அந்த வீட்டில் யாரும் அவனைக் கேட்கவில்லை.

கீழே கிராசரிக் கடையில் பார்த்துப் பழகிய பெண் அவள். பெட்டியோடு என் கதவைத் தட்டினாள். புகார் கொடு, நான் கூட வருகிறேன் என்று எவ்வளவோ சொன்னேன். வேண்டாம் அக்கா, என்னை ஊருக்கு அனுப்பிவிடுங்கள் போதும் என்றாள். ஆத்தூரில் இருக்கும் அவள் அண்ணனைக் கூப்பிட்டோம். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன். எங்கேயாவது போய் இரு, இங்கே வராதே என்று அவன் பொறுமையாகச் சொன்னான். கத்தியிருந்தால்கூட எனக்கு மனசு ஆறியிருக்கும். அவள் போனை வைத்துவிட்டு எங்கள் வீட்டுப் பாத்திரத்தையெல்லாம் தேய்க்க ஆரம்பித்தாள். தடுத்தும் நிறுத்தவில்லை.

அதனால் சொல்கிறேன், கேட்டுக்கொள். ஸ்காட்லாந்து உறவு கல்யாணத்துக்கு வருகிறது என்று மாடி அறைக்குப் புது ஏசி, வெஸ்டர்ன் டாய்லெட் எல்லாம் போட்டிருக்கிறாயாம். அந்த வாத்தியார் வரட்டும், முன்வரிசையில் உட்கார்ந்து சாப்பிடட்டும், ஹோட்டலில் தங்கட்டும். மாடி அறை அகிலாவுக்கு. படி ஏற முடியாவிட்டால் கீழே உன் அறையை அவளுக்குக் கொடுத்துவிட்டு நீங்கள் மேலே போங்கள். யாராவது கேட்டால் கனகா அனுப்பிய பெண் என்று சொல், அதற்கு மேல் யாருக்கும் விளக்கம் வேண்டாம். பத்திரிகையில் துரையை எடுத்துவிட்டு மாராயி பெயரைப் போடு. போட மனம் வராவிட்டால் யாரும் வேண்டாம், வெறுமனே விடு, அதை நான் பொறுத்துக்கொள்வேன். ஆனால் இவளை வைத்துக்கொள்ள மாட்டேன் என்றால் நான் கல்யாணத்துக்கு வரமாட்டேன். ஒற்றை அத்தை எங்கே என்று சம்பந்தி வீட்டில் கேட்பார்கள், நீயே பதில் சொல்லிக்கொள்.

ஜலஜாவிடம் நான் தனியாகப் பேசுகிறேன். அவள் ஒத்துக்கொள்வாள். எனக்குப் பயமெல்லாம் உன்னைப் பற்றித்தான்.

உறையை நான் ஒட்டவில்லை. தன்னைப் பற்றி எழுதியிருப்பதை அவளும் தெரிந்துகொள்ளட்டும் என்று, படித்துவிட்டே கொண்டு போகச் சொன்னேன். நான் உன்னிடம் என்ன கேட்டிருக்கிறேன் என்பது அவளுக்குத் தெரியும். நீ நல்லவன், உமாபதி. நீயும் உன் பிள்ளையும் குறையில்லாமல் வாழ வேண்டும். இந்த வரியைப் படிக்கும்போது அவள் உன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். பார்த்து நிமிர்.

உன் அக்கா
கனகா