நாலாவது ஓட்டு

அருளு,

பால் வாங்கி ஃப்ரிட்ஜுல வெச்சுட்டேன். வாசக் கேட்டுச் சாவி செருப்பு ஸ்டாண்டு மேல இருக்குது. நான் ஓட்டுப் போடப் போறேன்.

போன வாரம் ஓட்டுக் கேட்டு வந்தவங்க, "ஊட்டுல எத்தன ஓட்டுங்க?"ன்னாங்க. அப்பன் பக்கத்துலயே உக்காந்திருக்க, நீ "மூணுங்க"ன்னு சொன்ன. நீயி, மருமவ சத்யப்பிரியா, பேத்தி ஆஷா. அந்த மூணு ஓட்டும் இன்னிக்குக் கம்பெனி லீவுன்னு ஏசியப் போட்டுட்டுத் தூங்குது.

எனக்கு முட்டிதான் தேஞ்சிருக்குது, பேரு பட்டியல்ல அப்படியேதான் இருக்குது. பஸ்சுப் படி ஏற முடியாம நிக்கறவனும், ஆசுபத்திரி வரிசைல மயங்கறவனும் நாந்தான். எனக்கு வேணுங்கறத வேற எவன் கேப்பான்?

என்னைக் கூட்டிட்டுப் போக வண்டி எடுத்துட்டு வராத. ஓட்டுப் போடறதுன்னா வா.

அப்பன்

இன்னொண்ணு: பத்து மணிக் காப்பிக்கு வந்துருவேன். டம்ளரு நாலு வெக்கச் சொல்லு.