குரும்பகரத்து எண்ணெயும் காரைக்கால் பெட்ரோலும்

உ

குரும்பகரம்,
20-11-1983

அன்பு மகன் தெட்சிணாமூர்த்திக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, உன் தங்கை பங்கஜவல்லி, புதிதாகக் கன்று போட்டிருக்கிற சிவப்பு மாடு எல்லோரும் நல்ல சுகம். கத்தார் வெயிலில் நீயும் சுகமாக இருக்க அம்மையாரை வேண்டிக்கொண்டிருக்கிறேன். உன் கடுதாசி தீபாவளிக்கு முதல் நாள் வந்தது. உங்கள் உரத் தொழிற்சாலைக்குப் பக்கத்தில், பூமியிலிருந்து வருகிற கேஸை வாங்க ஆளில்லாமல் உயரமாகக் குழாய் வைத்து இரவு பகலாகக் கொளுத்திவிடுகிறார்கள் என்று எழுதியிருந்தாயே, படித்ததும் எனக்கு வயிறு பற்றி எரிந்தது. நான் இங்கே கேஸ் அடுப்புக்குப் பெயர் பதிந்துவிட்டு, பதிந்த சீட்டு மஞ்சளாகிப் போன பிறகும் ரேஷன் மண்ணெண்ணெய்க்கு டின்னைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கிறேன். ஒரே பூமிக்குள் அங்கே ஒரு நியாயம் இங்கே ஒரு நியாயமா? அந்த நெருப்பில் ஒரு உலை வைத்தால் நம் தெருவுக்கே சோறு வடிக்கலாம். சரி, நீ அதன் பக்கத்தில் போய் நிற்காதே, உனக்குச் சூட்டு உடம்பு. உன் அப்பா மட்டும் சந்தோஷமாக இருக்கிறார். உரக்கடையில் எந்த மூட்டையில் அரபி எழுத்தைப் பார்த்தாலும் இது நம்ம பய போட்ட யூரியா என்று கடைக்காரரிடம் பெருமையடித்து, அதைத்தான் வாங்கி வருகிறார். போன தடவை பாசத்தில் இரண்டு பங்கு அள்ளி வீசி, பயிர் கொழுத்து அப்படியே படுத்துவிட்டது.

நம் வடக்கு வயலில் எண்ணெய் தேடுகிறவர்கள் வந்து இறங்கியதைச் சித்திரையில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதனால் பங்கஜவல்லியின் கல்யாணம் பட்ட பாட்டை இப்போதுதான் நிதானமாக எழுத முடிகிறது. கோபுரம் உயரத்துக்கு இரும்பை நிறுத்தி லைட்டுப் போட்டு இரவெல்லாம் கடகடவென்று துளைத்தார்கள். அந்தச் சமயம் பார்த்து நீ ஒரு கடுதாசி போட்டாய். உன்னோடு வேலை பார்க்கிற அமெரிக்காக்காரர், எங்கள் ஊரில் நிலம் யாருடையதோ அடியில் இருக்கிற எண்ணெயும் அவனுடையதுதான், அவனுக்குப் பங்கு கொடுக்காமல் ஒரு சொட்டு எடுக்க முடியாது என்று சொன்னதாக எழுதியிருந்தாய். நம் நாட்டில் அடியில் இருப்பதெல்லாம் சர்க்காருக்கு என்றும் கீழே எழுதியிருந்தாய், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் உன் அப்பா அதை டீக்கடையில் உரக்கப் படித்தபோது அமெரிக்கா என்ற வார்த்தையையும், கீழே இருந்த வரியையும் சேர்த்து முழுங்கிவிட்டார். நான் கேட்டதற்கு, இது பிரெஞ்சுக்காரன் காலத்துப் பத்திரம்டி, இதுக்கு டெல்லிச் சட்டமெல்லாம் செல்லாது, உனக்கு என்ன தெரியும் என்று என்னிடமே பாய்ந்தார்.

ஊரெல்லாம் சேதி பரவிவிட்டது. இருபத்தேழு வயதாகியும் இரண்டு இடம் தட்டிப்போன பெண்ணுக்கு ஆவணி மாதம் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. நாகப்பட்டினத்தில் அரிசி மில் வைத்திருப்பவர், பிள்ளை நீலகண்டன் அங்கேயே மின்சார வாரியத்தில் இன்ஜினியர். நம் ஊருக்கும் அவர்கள் பக்கத்திலிருந்துதான் கரண்ட்டு வருகிறது, அன்றைக்குப் பார்த்து அவர்கள் உட்கார்ந்ததும் ஃபேன் நின்றுவிட்டது. எல்லோரும் பிள்ளையைப் பார்த்தார்கள், அந்தப் பிள்ளை பாவம், தானே அணைத்தது போலத் தலையைக் குனிந்துகொண்டது. எனக்கு அப்போதே பிடித்துவிட்டது. மில்காரர் கேசரியைக் கையில் வைத்துக்கொண்டு, எங்களுக்கு நகை நட்டெல்லாம் பெரிசில்லீங்க, அந்த வடக்கு வயலை மட்டும் பொண்ணு பேருக்கு எழுதி வச்சிடுங்க, போதும் என்றார். உன் அப்பா எண்ணெய்க்கிணற்று முதலாளி போலக் காலை ஆட்டிக்கொண்டு, அதுக்கென்னங்க, நம்ம பொண்ணுக்கு இல்லாததா என்கிறார். பங்கஜவல்லி காப்பித் தட்டோடு நின்றாள். அவள் வாயைத் திறக்கப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தாலி ஏறும்வரை சும்மா இருடி தாயே என்று கண்ணாலேயே கெஞ்சினேன். கெமிஸ்ட்ரி டீச்சர் கேட்பாளா? தப்பு இருந்தால் திருத்தாமல் தூக்கம் வராதே அவளுக்கு. மாமா, அந்தச் சட்டம் அமெரிக்காவுலதாங்க, இங்க மேல இருக்கிற மண்ணு மட்டுந்தான் எங்களுது, அடியில எண்ணெய் வந்தாலும் சர்க்காருக்குத்தான், அதுவும் இன்னும் வரலைங்க என்று பாடம் எடுத்துவிட்டாள். மில்காரரின் கேசரி பாதி வழியில் நின்றது. பிள்ளை மட்டும் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று கிளம்பிப் போனார்கள். அன்று நான் அவளைப் பேசாத பேச்சில்லை. பிறகு சமையல் கட்டில் போய் உட்கார்ந்து அழுதேன். அவளும் சாப்பிடவில்லை.

புரட்டாசியில் துளைத்து முடித்து, உப்புத்தண்ணீர்தான் வருகிறது என்று இரும்பைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். உன் அப்பா அதோடு டீக்கடைப் பக்கமே போகவில்லை. அவருக்குப் பயந்து நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அப்புறம்தான் வேடிக்கை. பங்கஜவல்லியோடு வேலை பார்க்கிற கமர் நிஷா டீச்சர் ஒரு நாள் வீட்டுக்கு வந்து, அத்தை, அந்த நாகப்பட்டினத்து இன்ஜினியர் நம்ம காரைக்காலுக்கு வந்துதான் பெட்ரோல் போடுறாருங்க என்றாள். இதில் என்ன அதிசயம், நம் யூனியன் பிரதேசத்தில் வரி குறைச்சல், பெட்ரோல் விலையும் குறைச்சல், தமிழ்நாட்டுக்காரர்கள் பாதிப் பேர் இங்கேதானே வந்து நிரப்புகிறார்கள் என்றேன். அதுக்குன்னு ஒண்ணுவிட்டு ஒரு நாளா, அதுவும் நாங்க பஸ்ஸுக்கு நிக்கிற நேரம் பாத்தா என்று சிரித்தாள். அந்தப் பங்க் அவர்களுடைய பஸ் நிறுத்தத்துக்கு நேர் எதிரே இருக்கிறது. மறுநாளே கத்தரிக்காய் வாங்குகிற சாக்கில் நான் டவுனுக்குப் போனேன். அடை மழை. தொப்பலாக நனைந்துகொண்டு புல்லட்டில் வந்து இறங்கியது பிள்ளை. என்ன தம்பி, இந்த மழையிலயா என்று கேட்டேன். என்னைப் பார்த்ததும் வண்டியைத் துடைக்கிற மாதிரி குனிந்துகொண்டு, இங்க லிட்டருக்குக் கொஞ்சம் மிச்சமாகுதுங்க அத்தை என்றது. அங்கிருந்து இங்கே வந்து திரும்பிப் போக அந்த வண்டி குடிக்கிற பெட்ரோல் எவ்வளவு, மிச்சமாகிறது எவ்வளவு? மூன்றாம் வகுப்போடு நின்ற எனக்கே தெரிகிறதே, இன்ஜினியருக்குத் தெரியாதா! எதிரே உன் தங்கை வந்த பஸ்ஸை விட்டுவிட்டு, குடைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு நிற்கிறாள்.

வீட்டுக்கு வந்ததும், என்னடி இது, ஒரு கணக்கு வழக்குத் தெரியாத பிள்ளையாக இருக்கிறதே என்று வேண்டுமென்றே சீண்டினேன். லாபக் கணக்குப் போட்டு வந்தவங்க எல்லாரும் ஒரே தடவைதாம்மா வந்தாங்க, இவருதான் நஷ்டத்துக்கு மழைன்னும் பாக்காம வர்றாரு என்றாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

போன வியாழக்கிழமை மில்காரர் தனியாகப் பஸ்ஸில் வந்தார். கார் இல்லை, கேசரியும் கேட்கவில்லை. தங்கச்சி, வயலும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், எம்புள்ள சம்பளத்துல பாதி பெட்ரோலுக்குப் போகுது, மீதி வண்டி ரிப்பேருக்குப் போகுது, சீக்கிரம் கல்யாணத்தைப் பண்ணி வச்சாத்தான் எனக்குக் கட்டுப்படியாகும் என்றார். நான் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சிரிப்பால் மட்டும் வந்தது இல்லை. உன் அப்பா மறுபடியும் டீக்கடைக்குப் போக ஆரம்பித்துவிட்டார். எண்ணெய் இல்லாட்டி என்னய்யா, எங்க ஊருப் பெட்ரோல் மாப்பிள்ளையவே இழுத்துக்கிட்டு வந்துடுச்சு என்று பேசிக்கொண்டு இருக்கிறாராம்.

தை மாதம் நாள் பார்த்திருக்கிறோம். எண்ணெய் தேய்த்துக் குளி, வெறும் ரொட்டியைத் தின்று நாளை ஓட்டாதே, உன் சட்டை அளவை மறக்காமல் எழுது. அப்பாவும் ஆசீர்வாதம் எழுதச் சொன்னார், நீடூழி வாழ்க. வழக்கம்போல நீ, விமான டிக்கெட்டுக்குக் கொடுக்கிற காசில் ஒரு மா நிலம் வாங்கலாமே அம்மா, அடுத்த வருஷம் வருகிறேன் என்று எழுதுவாய். மூன்று வருஷமாக எழுதுகிறாய். உன் கணக்குச் சரிதான், நான் தப்புச் சொல்லவில்லை. ஆனால் மணவறையில் பொரி போட அவளுக்கு வேறு அண்ணன் இல்லை, எனக்கும் உன்னைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. இந்த ஒரு தடவை நீயும் நஷ்டத்துக்கு வாடா கண்ணு.

இப்படிக்கு,
உன் அம்மா
நீலாயதாட்சி