வெள்ளிச் சிறகனின் கடைசிப் பக்கம்

எண்ணூர் வீடுகளுக்குள் வெள்ளத்தோடு எண்ணெய் வந்ததே, அதற்கு மறுவருஷம். ஐப்பசி, ஞாயிறு ராத்திரி. எனக்கு எழுதப் படிக்க வராது. போனிடம் சொல்கிறேன், அது எழுதிக்கொள்கிறது.

கல்மண்டபம் பழைய பேப்பர் கடையில் இன்று வெள்ளிச் சிறகன் படக்கதையின் கடைசிப் புத்தகம் கிடைத்தது. அட்டையைப் பார்த்ததுமே சந்தோஷத்தில் பழைய கூட்டாளி மாரிக்குப் போன் போட்டேன்.

"கெட்ச்சிச்சா மாமு? காலீல வந்துர்றேன். உன் மருமகள படிக்கச் சொல்லு. சிறகன் கடல்லேர்ந்து வர்ற எடத்த இன்னொரு தபா கேக்கணும்."

துறைமுகத்தில் மூட்டை தூக்கிய காலத்தில் எங்களில் படிக்கத் தெரிந்த காதர்தான் டீக்கடையில் அதைப் படித்துக் காட்டுவான். கடைசிப் புத்தகத்தில், சிறகன் வெடிகுண்டோடு கடலில் பாய்ந்து மூன்றாம் நாள் கரையேறினான் என்று முடித்தான். அன்று மட்டும் படத்தைக் காட்டாமல் புத்தகத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டான். மாரியின் மகன் போன படகு காசிமேட்டுக்குத் திரும்பாத வாரம் அது.

வீட்டுக்கு வந்து மருமகளைப் படிக்கச் சொன்னேன்.

"அவன் வரல மாமா. துணி மட்டுந்தான் கரை ஒதுங்குது. அதோட முற்றும்."

மாரி இன்னும் மகன் படத்துக்கு மாலை போடவில்லை.

"காதர் சொன்ன மாதிரியே படிம்மா" என்றேன்.

"பொய் சொல்லச் சொல்றீங்களா?" என்று உள்ளே போய்விட்டாள்.

மாரிக்குக் கண்ணில் புரை, படம் தெரியாது. காது நன்றாகக் கேட்கும். காதரும் போய்விட்டான். அன்று அந்தக் கதையைக் கேட்டவர்களில் என்னைத் தவிர உயிரோடு இருப்பவன் மாரி ஒருவன்தான். காலையில் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, காதர் முடித்த மாதிரியே நான்தான் அவனுக்குச் சொல்லியாக வேண்டும்.